மஃரிபுக்கு முன்னால் பாடிய பாட்டு

மேடைக்கு ஏறும் இரும்புப் படியில் ஒரு கால் வைத்திருந்தேன். மற்றக் கால் சேற்றில் நின்றது. மத்தியானம் பெய்த மழை. அப்போது மேலே கீபோர்டில் பஸ் மணி இரண்டு தடவை அடித்தது.

டிங் டிங்.

கெலிஓயா மைதானம் முழுக்க எழுந்து நின்றது. விசில் பறந்தது.

அந்த இரட்டை மணி "இன்னும் எடம் இருக்கு" பாட்டின் தொடக்கம். இந்தத் தொடரைப் படிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு என்னைப் பற்றித் தெரிந்தது அந்த ஒரு பாட்டுத்தான். மீதிப் பேருக்குப் பாட்டைத் தெரியும், பாடியவன் நான் என்று தெரியாது. அன்றைக்கு எனக்கு நாலு பாட்டு ஒதுக்கியிருந்தார்கள். அது நாலாவதாக வரவேண்டும். முதலாவதாக வந்துவிட்டது.

ஒரே பாட்டை வைத்துப் பிழைக்கிற ராப் பாடகனுக்குத் தொழிலில் தெரிந்திருக்க வேண்டிய ரகசியம் பெரிதாக ஒன்றும் இல்லை. அந்தப் பாட்டைக் கடைசிவரை கையில் பிடித்து வைத்திருக்க வேண்டும். கொடுத்துவிட்டால் சனம் வீட்டுக்குப் போகச் செருப்பைத் தேடும்.

அது ஒரு சனிக்கிழமை. திங்கட்கிழமை காலையில் கொழும்பு ஏஜென்சியில் எனக்கு மெடிக்கல் பரிசோதனை வைத்திருந்தார்கள். கட்டாரில் ஒரு பண்டகசாலையில் பெட்டி அடுக்கும் வேலை, இரண்டு வருஷ ஒப்பந்தம். பாஸ்போட்டை ஏஜென்சியில் கொடுத்தாயிற்று. விண்ணப்பத்தை நிரப்பியது என் மனைவி கலா. "ரெண்டு வருஷந்தானே, போய்ட்டு வாங்க. திரும்பி வந்தாலும் அந்தப் பாட்டு அப்பிடியேதான் இருக்கும்" என்றாள். அவள் குத்திப் பேசவில்லை. உள்ளதைச் சொன்னாள்.

நான் எனக்குள் ஒரு முடிவு எடுத்து வைத்திருந்தேன். கெலிஓயாவில் சனம் கடைசிவரை இருந்தால் கட்டார் இல்லை, பாட்டுத்தான். பாதியில் எழுந்து போனால் பேசாமல் மெடிக்கலுக்குப் போய் இரத்தம் எடுக்கக் கையை நீட்டுவது.

படியில் நின்றபடி நினைத்தேன்: சரி, திங்கட்கிழமை விடியற்காலை பஸ்ஸுக்குத்தான் போக வேண்டியிருக்கும்.

மைக்கை யாரோ கையில் திணித்தார்கள். ஏறினேன்.

பாட்டு வந்த வழி

போன வாரம் திருகோணமலையில் மீன் லொறிக்கு ஐஸ் உடைத்த கதையில் நிறுத்தியிருந்தேன். அங்கிருந்து கொழும்பு, கொழும்பிலிருந்து புத்தளத்து உப்பு, உப்பிலிருந்து திரும்பவும் மலைக்கு. வரிசையாகச் சொன்னால் உங்களுக்கும் அலுக்கும், எனக்கும் அலுக்கும். ஒன்பதாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டவன் நிற்காமல் அலைந்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படி அலைந்து கடைசியில் ஏறிய இடம், கண்டியிலிருந்து ஹுன்னஸ்கிரிய போகிற தனியார் பஸ். நான் கொண்டக்டர். எங்கள் தேயிலைத் தோட்டம் ஹுன்னஸ்கிரியவுக்கு மேலே இருந்தது. ஆகவே இரவில் பஸ்ஸை நிறுத்திவிட்டு லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீட்டுக்கு, ஏறிப் போகலாம். மழை நாளில் ஏறமாட்டேன், பஸ்ஸின் பின் சீட்டில் படுத்துவிடுவேன். லயத்தில் எங்கள் அறைக் கூரை ஒழுகும். பஸ் ஒழுகாது.

கொண்டக்டர்மார் சொல்கிற பொய் ஒன்று இருக்கிறது. ஐம்பது பேர் போகிற பஸ்ஸில் தொண்ணூறு பேரை ஏற்றிவிட்டு, தொங்குகிற ஆளின் முதுகைத் தள்ளிக்கொண்டே, "உள்ளுக்குப் போங்க, இன்னும் எடம் இருக்கு" என்று கத்துவது. ஒரு நாளைக்கு இருநூறு தடவையாவது கத்தியிருப்பேன். கத்திக் கத்தி அதற்கு ஒரு தாளம் வந்துவிட்டது. பஸ்ஸின் தகரத்தைத் தட்டிக்கொண்டே சொன்னால் பயணிகளுக்குக் கோபம் வராது, சிரிப்பு வரும். சிரித்தால் உடம்பு கொஞ்சம் சுருங்கும், இன்னும் இரண்டு பேரை ஏற்றலாம்.

*இன்னும் எடம் இருக்கு, ஏறு ஏறு, எடம் இருக்கு,*
*ஒத்தக் கால தூக்கிக்கிட்டா ஒம்போது எடம் இருக்கு,*
*மூச்ச கொஞ்சம் உள்ள இழு, முப்பது எடம் இருக்கு,*
*டிரைவர் மடி காலியாத்தான் கெடக்கு, அங்க எடம் இருக்கு!*

கண்டி டவுனில் ஒரு போன் திருத்தும் கடைக்கு மேலே சின்ன அறை. சுவரெல்லாம் பழைய மெத்தை. அங்கே பதிவு செய்தோம். மணிச் சத்தம் எங்கள் பஸ்ஸிலேயே போனில் பிடித்தது. பெயர் என்ன போடுவது என்று கேட்டார்கள். இரண்டு மணி அடித்தால் பஸ் புறப்படும், அதனால் "டபுள் பெல்" என்று போடச் சொன்னேன்.

இரண்டு வாரத்தில் கண்டியில் ஓடுகிற ஆட்டோக்களில் எல்லாம் அந்தப் பாட்டு. நான் டிக்கெட் கிழித்துக்கொண்டிருக்கும்போதே என் பஸ்ஸில் பயணிகள் போனில் என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு பெரியவர் தோளில் தட்டி, "தம்பி, நீயும் இந்த ஆளு மாதிரி தாளத்தோட கத்தினா என்னா?" என்றார். சரிங்க ஐயா, முயற்சி பண்றேன் என்றேன்.

பிறகு டிவி வந்தது. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, சிலாபம் என்று மேடைகள் வந்தன. பஸ்ஸை விட்டேன்.

பதினான்கு பாட்டு

அதற்குப் பிறகு பதினான்கு பாட்டுப் போட்டேன். லயத்தைப் பற்றி ஒன்று, மழையைப் பற்றி ஒன்று, காதலைப் பற்றி நாலு. கலா அந்த நாலையும் கேட்டுவிட்டு, "இதெல்லாம் யாரப் பத்தி?" என்று மட்டும் கேட்டாள்.

ஒருநாள் தெல்தெனிய சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டு நின்றேன். போஞ்சி விற்கிற ஆள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க அந்த எடம் இருக்குத் தம்பிதானே?"

"ஆமாங்க."

"வேற என்னா பாட்டு பாடியிருக்கீங்க?"

மழைப் பாட்டில் நாலு வரி பாடிக் காட்டினேன். அவர் தராசைக் கீழே வைத்துவிட்டுக் கவனமாகக் கேட்டார். நல்ல மனுஷன். முடிந்ததும் தலையாட்டினார்.

"நல்லா இருக்கு, நல்லா இருக்கு. இப்ப அந்தப் பாட்ட பாடுங்களேன்."

பாடினேன். போஞ்சி கூடுதலாகப் போட்டார். அன்றைக்கு எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் வீடு வரும் வரை ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. சனத்துக்கு என்னைப் பிடித்திருக்கிறதா, அந்த நாலு நிமிஷத்தைத்தான் பிடித்திருக்கிறதா? நாலு நிமிஷத்தைத்தான் என்றால் அது என்னிடம் இருக்க வேண்டிய அவசியம் இல்லை. போனில் இருக்கிறது. அது அங்கே பாடிக்கொண்டு இருக்கும், நான் கட்டாரில் பெட்டி அடுக்கலாம்.

மேடைகள் குறைந்தன. கடைசி வருஷத்தில் கூப்பிட்டவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவர் நிஸாம் நானா.

நானாவின் அன்பு

நிஸாம் நானாவுக்கு, அதாவது நிஸாம் அண்ணனுக்கு, கெலிஓயாவில் ஹார்ட்வெயார் கடை. ஊர் விளையாட்டுக் கழகத்தின் செயலாளரும் அவர்தான். கழகத்தில் முஸ்லிம், தமிழ், சிங்களம் என்று மூன்று இனத்து ஆட்களும் இருந்தார்கள். ஆண்டு விழாவுக்கு மைதானத்தில் பாட்டுக் கச்சேரி. பின்னேரம் நாலு மணிக்குத் தொடங்கும். மைதானத்தின் மதிலுக்கு அடுத்த பக்கம் பள்ளிவாசல். ஆகவே ஒரு வழக்கம் உண்டு. பொழுது சாயும் நேரத்து மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்லத் தொடங்கினால் மைக் நிற்கும். தொழுகை முடிந்து ஆட்கள் வெளியே வந்த பிறகுதான் திரும்பப் போடுவார்கள். இடையில் அரை மணித்தியாலம். அதை யாரும் சட்டமாக எழுதி வைக்கவில்லை, யாரும் மீறியதும் இல்லை.

நான் அந்தப் பாட்டைப் பாடி முடிக்கவும் பாங்கு ஒலிக்கவும் சரியாக இருந்தது. பாடியதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்கிறேன்: பிரமாதம். முன் வரிசையில் இருந்த பொம்பளைகள் கதிரைக்கு மேல் ஏறி நின்று ஒற்றைக் காலைத் தூக்கினார்கள்.

மைக் நின்றது. கீழே இறங்கினேன். நிஸாம் நானா ஓடி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். தலையில் தொப்பி, முகமெல்லாம் சிரிப்பு.

"மிச்சம் சந்தோஷம் தம்பி! நான்தான் செல்வத்துக்கிட்ட சென்னேன், அந்தப் பாட்ட முந்திப் போடுங்கன்னு. நம்மட ஆளுங்க தொழப் போனா திரும்பி வாரதோ வராமப் போறதோ, யாருக்குத் தெரியும்? இப்ப எல்லாரும் கேட்டுட்டாங்க. எப்பிடி ஈந்திச்சி, பாத்தீங்களா!"

என் மேல் வைத்த மரியாதையில் செய்த வேலை. "நல்லா இருந்திச்சு நானா" என்றேன். அவர் திருப்தியாகப் பள்ளிக்குப் போனார்.

கீபோர்ட்காரர் செல்வம் அண்ணையிடம் போனேன். யாழ்ப்பாணத்து ஆள். தபால் கந்தோரில் வேலை செய்து கண்டிக்கு மாற்றலாகி வந்து, பென்சன் எடுத்து, இசைக்குழு நடத்துகிறவர்.

"அண்ணை, என்னா இப்பிடிப் பண்ணிட்டீங்க?"

"நான் என்ன செய்யிறது தம்பி? செயலாளர் வந்து அடியுங்கோ எண்டா அடிக்கத்தானே வேணும். உமக்குச் சொல்ல ஆள் விட்டனான். நீர் கக்கூஸ் லைனில நிண்டீராம்."

"இப்ப மிச்சம் மூணு பாட்டு இருக்கு. கேக்கிறதுக்கு ஆளு இருக்குமா?"

அவர் மைதானத்தைத் திரும்பிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் பார்த்தார்.

"இல்லை" என்றார்.

ஆண்கள் பாதிப் பேர் பள்ளிக்குப் போயிருந்தார்கள். மற்றவர்கள் பாயை உதறி மடித்தார்கள். ஒரு அம்மா குழந்தைக்குச் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தார். கதிரை வாடகைக்கு விட்டவர் காலியான இரண்டு கதிரையை எடுத்து ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார். பிறகு மூன்றாவதை. அந்தச் சத்தம் எனக்கு நன்றாகப் பழக்கம்.

மைக் இல்லாத அரை மணித்தியாலம்

வாசல் பக்கம் போகிறவர்களில் முதல் ஆளாக ஒரு அக்கா போனார். இரண்டு கையிலும் இரண்டு பெரிய பை. நான் என்ன நினைத்தேன் என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. கால் தன்பாட்டில் நடந்தது. குறுக்கே போய் நின்றேன்.

"அக்கா, எங்க போறீங்க?"

"கம்பளைக்கு. பஸ்ஸு போயிருமே."

"கம்பளைதானே? நீங்க ஏறியாச்சு. ஒக்காருங்க."

"என்னாது? எந்த பஸ்ஸுல?"

"என் பஸ்ஸுல. தொழுக முடிஞ்சதும் எடுக்கிறேன். கம்பளையில ஒங்கள எறக்கி விடுறது என் பொறுப்பு."

"பாட்டுப் பாடிப் பாடி ஒனக்குக் கழண்டிருச்சு" என்றார். ஆனால் சிரித்தார். பையைக் கீழே வைத்தார்.

அடுத்தவர் பச்சைச் சாரம் கட்டிய ஒருவர், கக்கத்தில் பால்மா பெட்டி. "நீங்க அண்ணே?" வெலிகல்ல. "ஏறியாச்சு, ஒக்காருங்க." அடுத்தவர் ஒரு சிங்கள முதலாளி. தமிழ்ப் பாட்டுக்குத் தொப்பை குலுங்க ஆடியவர். கையில் சுருட்டிய செய்தித்தாள். "மாத்தயா கோஹெத?", எங்கே போகிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டேன். திகன என்றார். என் பழைய ரூட். அவரையும் ஏற்றிக்கொண்டேன்.

மதிலுக்கு அந்தப் பக்கம் ஓதுகிற சத்தம் தெளிவாகக் கேட்டது. யாரும் யாருக்கும் சொல்லாமலே எல்லோரும் குரலைத் தாழ்த்தியிருந்தார்கள். நான் குனிந்தேன். அவர்கள் என் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, ஏதோ களவு விஷயம் சொல்வது போல ஊர்ப் பெயரைச் சொன்னார்கள். பேராதனை. கெட்டம்பே. புசல்லாவை. நாவலப்பிட்டி. தெல்தெனிய. கச்சேரிக்கு இவ்வளவு தூரத்திலிருந்து ஆள் வந்திருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஐந்தாறு பேரைக் கேட்டதும் மற்றவர்கள் கவனித்துவிட்டார்கள். இந்த ஆள் என்ன கேட்கிறான், எதற்குக் கேட்கிறான்? வாசல் வரை போன ஒரு குடும்பம் அப்படியே நின்று திரும்பி வந்தது. கண்ணாடி போட்ட ஒரு டீச்சர், கக்கத்தில் பரீட்சைத்தாள் கட்டோடு, என் சட்டையை இழுத்து, "எங்கள ஏத்தலையே?" என்று மெல்லக் கேட்டார். கடலை விற்கிறவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு என் பின்னாலேயே வந்தார். சனம் நிற்கிற இடம் அவருக்குத்தான் முதலில் தெரியும்.

"ஒண்ணும் எழுதிக்காம எப்பிடி ஞாபகம் வச்சிருப்பீங்க?" என்று டீச்சர் கேட்டார்.

கொண்டக்டர் யாரும் எழுதி வைப்பதில்லை. முகத்தையும் பார்ப்பதில்லை. காலை பஸ்ஸில் தொண்ணூறு முகமும் ஒரே தூக்க முகம், என்ன வித்தியாசம் தெரியும்? நான் பார்த்தது சுமையை. சிவப்புக் குடை தெல்தெனிய. கருவாட்டு வாசம் கெங்கல்ல. பெரிய பலாக்காய் குண்டசாலை. மனுஷனை விட்டுவிட்டுச் சுமையை இடத்தோடு முடிச்சுப் போட்டால் மறக்காது. ஹுன்னஸ்கிரிய ரூட்டில் மூன்று வருஷம் அப்படித்தான் ஓட்டினேன்.

அன்றைக்கும் அதே வேலை. ஒரே ஒரு சிக்கல். எங்கள் பழைய பஸ் கண்டியிலிருந்து ஒரே பக்கமாகப் போகும். கெலிஓயா இரண்டு பக்கத்துக்கும் நடுவில் இருக்கிறது. கம்பளைப் பக்கம் கொஞ்சம் பேர், கண்டிப் பக்கம் கொஞ்சம் பேர். இரண்டு பஸ்ஸை மண்டைக்குள் ஓட்ட வேண்டும். முப்பது பேருக்கு மேல் சேர்ந்துவிட்டார்கள். உதடு தன்பாட்டில் அசைந்துகொண்டிருந்தது.

மேடைக்குத் திரும்பி வந்தேன்.

"அண்ணை, மிச்சப் பாட்டு வேணாம். தாளம் மட்டும் போடுங்க."

"எந்தப் பாட்டுக்கு?"

"இன்னும் எழுதல."

"என்னடாப்பா, விசர்க் கதை கதைக்கிறீர்?"

"மலையில பஸ்ஸு போற மாதிரி ஒரு தாளம், அண்ணை."

"ஏறுற பஸ்ஸோ, இறங்கிற பஸ்ஸோ?"

"ரெண்டும்."

செல்வம் அண்ணை விரல்களை நெட்டி முறித்தார். "ஓம், பாப்பம். நீர் விழுந்தா நானும் சேர்ந்துதான் விழோணும்" என்று சொல்லிவிட்டுக் கீபோர்டில் எதையோ அமுக்கினார்.

எல்லோரையும் இறக்கிவிட்டது

தொழுகை முடிந்தது. பள்ளிவாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. மைக்கைப் போட்டார்கள்.

தாளம் தொடங்கியது. கனமான, மூச்சு வாங்குகிற தாளம். இரண்டாவது கியரில் பஸ் ஏறுவது போலவே இருந்தது. மைதானம் பாடாமல், ஆடாமல் என்னையே பார்த்தது. நான் வாயைத் திறந்தேன்.

*வெலிகல்ல வந்திருச்சு, பச்சச் சாரம் எந்திரிங்க,*
*பால்மா பெட்டிய மறந்துறாம பத்திரமா எறங்குங்க!*

பச்சைச் சாரக்காரர் துள்ளி எழுந்தார். பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். அவரைச் சுற்றி இருந்தவர்கள் ஓ என்று கத்தினார்கள்.

*கம்பளைக்கு ரெண்டு பை, கையி ரெண்டும் நோகுதா?*
*வாக்குத் தந்த கொண்டக்டரு, வண்டி நிக்குது, போதுமா?*

"போதும்!" என்று அந்த அக்கா கத்தியது மேடை வரை கேட்டது.

*புசல்லாவ மாமா, கையில வச்ச கம்பளி எங்க காணோம்?*
*குளிரு வந்து கேட்டதுன்னா பதிலு சொல்ல வேணும்!*

பயந்துகொண்டேதான் தொடங்கினேன், மறைக்கவில்லை. நாலாவது ஆளை இறக்கியபோது பயம் போய்விட்டது. எட்டாவது ஆளை இறக்கும்போது எனக்கு ஒன்று விளங்கியது. சனம் என் பழைய பாட்டைக் கேட்டுக் கத்தவில்லை. அடுத்து யார், அடுத்து யார் என்று காத்திருக்கிறது. இறங்கியவர்கள் போகவில்லை. மற்றவர்கள் இறங்குவதைப் பார்க்க நின்றார்கள்.

"இப்ப பஸ்ஸ திருப்பப் போறேன், பின்னால யாரும் நிக்காதீங்க!" என்று கத்தினேன். மைதானத்தின் பின் பக்கம் நின்றவர்கள் நிஜமாகவே விலகி வழி விட்டார்கள். பிறகு தாங்களே தங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். செல்வம் அண்ணை கீபோர்டில் ரிவர்ஸ் சத்தம் போட்டார். அவருக்குள் அப்படி ஒரு குறும்பு இருப்பது எனக்குத் தெரியாது.

*பேராதன பாலந்தாண்டி கெட்டம்பேயில நிறுத்தம்,*
*கண்ணாடி போட்ட டீச்சரம்மா, இன்னிக்கி இல்ல திருத்தம்!*

தொழுதுவிட்டு வந்தவர்கள் உள்ளே வர இடம் இல்லாமல் மதிலோரம் தொப்பியோடு நின்றார்கள். போகும்போது இருந்த கூட்டத்தை விட இப்போது கூடுதல். கதிரைக்காரர் அடுக்கிய கதிரைகளைத் திரும்பப் பிரித்துக்கொண்டிருந்தார். நிஸாம் நானா சனத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"தம்பி, என்னையும் ஏத்துங்க! நான் கெலிஓயா!"

"நானா, நீங்க ஏறவே வேணாம், எறங்கிட்டீங்க!"

மைதானம் இடிந்து விழுந்தது போல ஒரு சிரிப்பு. நானா வயிற்றைப் பிடித்துக்கொண்டு கடலை வண்டியில் சாய்ந்தார்.

கண்டி, தென்னக்கும்புர, திகன. முதலாளிக்கு "மாத்தயா பஹின்ன, எறங்குங்க, படி வழுக்குது, பாத்து" என்று இரண்டு பாஷையிலும் சொன்னேன். செய்தித்தாளை ஆட்டிக்கொண்டு இறங்குவது போலவே நடித்துக் காட்டினார். தெல்தெனியவில் மூன்று பேர். எல்லோரையும் இறக்கியாயிற்று. கையை உயர்த்தினேன். தாளம் நின்றது. கைதட்டல் எழுந்தது.

அந்தக் கைதட்டலுக்கு நடுவில் ஒரு பொம்பளைக் குரல்.

"ஏய், டபுள் பெல்லு! நா இன்னும் எறங்கலயே!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நாற்பது வயது இருக்கும். நீலச் சேலை, கொண்டையில் பூ. தனியாக நின்றார். அவரிடம் நான் கேட்டது ஞாபகம் வந்தது. என்ன ஊர் சொன்னார் என்பது வரவில்லை. எவ்வளவு தேடியும் வரவில்லை. ஏன் என்று பார்த்தவுடனே விளங்கிவிட்டது. அவர் கையில் ஒன்றுமே இல்லை. பை இல்லை, குடை இல்லை, போன்கூட இல்லை. நான் முடிச்சுப் போடுவதற்கு அவரிடம் ஒன்றும் இருக்கவில்லை.

பஸ் என்றால் பொய் சொல்லிச் சமாளித்திருப்பேன். இங்கே ஆயிரம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, மன்னிச்சிருங்க. மறந்துட்டேன். கையில ஒண்ணும் இல்லாததால தவற விட்டுட்டேன். எந்த ஊருங்க?"

"கலஹா! பேராதனையில எறங்கி வேற பஸ்ஸு மாறணும்ல, அதான் ஐயாவுக்கு ஞாபகம் இல்ல!" சனம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. இடுப்பில் கை வைத்தார். "தெனம் கொழுந்துக் கூடை, தண்ணிக் கொடம், வெறகுன்னு சொமந்துகிட்டேதான் நடக்கிறேன். இன்னிக்கி ஒரு நாளு கைய வீசிக்கிட்டு வந்தேன். அதுக்கு என்னைய மட்டும் விட்டுட்டுப் போயிருவியா?"

சிரிப்பு நின்றுவிட்டது. செல்வம் அண்ணை என்னைப் பார்க்கவில்லை. மெதுவாக, மிக மெதுவாக, அந்தத் தாளத்தைத் திரும்பத் தொடங்கினார். ஏறுகிற தாளம்.

நான் ஒன்றும் யோசிக்கவில்லை. வந்தது.

*கலஹா ரோட்டுல வழிய விடு, காலி பஸ்ஸு வருது,*
*கைய வீசி வந்த அக்கா முன் சீட்டுல வருது.*
*கூட இல்ல, கொடமும் இல்ல, வெறகும் இல்ல தலையில,*
*கொண்டையில பூவ வச்சி ஏறுறாங்க மலையில!*

கடைசி வரியை இரண்டாவது தடவை பாடும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை. மைதானம் முழுக்க அதைப் பாடியது. பொம்பளைகள் பைகளைக் கீழே போட்டுவிட்டுக் கையை வீசினார்கள். மதிலோரம் நின்ற ஆண்களும் கையை வீசினார்கள். கலஹா அக்கா நடுவில் நின்று, முதலில் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு கையை எடுத்துவிட்டு, எல்லோரையும் விட உயரமாக வீசினார்.

எத்தனை தடவை பாடினோம் என்று தெரியாது. "இன்னும் எடம் இருக்கு" பாட்டைத் திரும்பப் பாடச் சொல்லி அன்றைக்கு ஒருத்தரும் கேட்கவில்லை.

இறங்கியபோது செல்வம் அண்ணை மேடைக்குப் பின்னால் வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றார். "தம்பி, பதினாலு பாட்டைக் குந்தி இருந்து எழுதினீர். இதை நிண்டுகொண்டு எழுதிப்போட்டீர்" என்றார். "இனிக் குந்தி இருக்காதையும்."

கம்பளை அக்கா இரண்டு பையோடும் வந்து வழி மறித்தார். திங்கட்கிழமை அவருடைய அண்ணன் மகளுக்குக் கம்பளையில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் அட்டன், பொண்ணு வீட்டார் மாத்தளை, நடுவில் மன்னாரிலிருந்தும் ஆள் வருகிறதாம். "வந்து எல்லாரையும் எறக்கி விடுறியா?" என்றார். வருகிறேன் என்றேன். அந்தத் திங்கட்கிழமைதான் மெடிக்கல் என்பது வாக்குக் கொடுத்த பிறகுதான் உறைத்தது. மாற்றிச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை கல்யாண மண்டபத்தில் காலை முழுக்கக் காதோடு காதாக ஊர் கேட்டுக்கொண்டு திரிந்தேன். இந்த முறை கையில் ஒன்றும் இல்லாதவர்களை முதலில் கேட்டேன். போன் சட்டைப் பையில் அடித்தது தெரியவே இல்லை. சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது எடுத்துப் பார்த்தால், கொழும்பு ஏஜென்சியிலிருந்து ஏழு தடவை கூப்பிட்டிருந்தார்கள்.

எச்சில் கையோடு திரும்ப எடுத்தேன்.

"தம்பி, எங்க நிக்கிறீங்க? காலையில இருந்து பாத்துக்கிட்டு இருக்கோம். மெடிக்கலுக்கு வரலையா?"

"இல்லங்க" என்றேன். "பாஸ்போட்ட திரும்ப எடுத்துக்கிறதுக்கு எந்த நாள் வரணும்?"